டிஸ்ரிபியூட்டரைத் திருப்புவதற்கு முன்னால்

நீங்கள் எழுதியதை விளங்கிக்கொண்ட அளவில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது டொயோட்டா கொரோலா ஏஈ111 கார். அதில் 20 வால்வு 4ஏ-ஜிஈ, 'பிளாக் டொப்' எஞ்சின். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான டொயோட்டா ஈசியூவைக் கழற்றிவிட்டுத் தனி ஈசியூ போட்டு, காரை நின்ற இடத்தில் ஓட்டி வலுவை அளக்கும் டைனோவில் டியூன் செய்திருக்கிறீர்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் தீப்பொறியைப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ரிபியூட்டர் பழையதுதான். கொழும்புக்குள் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடுகிறது. டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரிக்கு முன் தீப்பொறி பாய்கிறது என்பதை, டைமிங் லைட் பிடித்துப் பார்த்தால் லப்டொப் காட்டும் டிகிரி ஒன்று, கிராங்க் புல்லியில் தெரிவது வேறொன்று. கண்டிப் பக்கம் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கிறது. கராஜ் பாஸ் ஒருவர், டிஸ்ரிபியூட்டரை ஐந்து டிகிரி முன்னுக்குத் திருப்பினால் பெற்றோல் மிச்சமாகும் என்கிறார். திருப்பலாமா என்று கேட்கிறீர்கள்.

திருப்ப வேண்டாம். ஆனால் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுவல்ல என்று நினைக்கிறேன். பெற்றோலைத் தின்பது டைமிங்கா, கலவையா, அல்லது இரண்டுமில்லாத வேறொன்றா என்பதை எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கேள்வி. ஈசியூ சொல்லும் டிகிரியும் கிராங்கில் நடக்கும் டிகிரியும் ஒன்றாகும்வரை அந்தக் கேள்விக்கு யாராலும் விடை சொல்ல முடியாது. அளவுகோலே பிழையாக இருக்கும்போது ஈசியூவின் எண் அட்டவணையான மெப்பில் எந்த எண்ணை மாற்றினாலும் அது குருட்டு வேலைதான்.

முதலில் அந்த 7 கிலோமீற்றரைப் பார்ப்போம். 1.6 லீற்றர் எஞ்சின் ஒன்று ஏசியோடு சும்மா நின்றாலே மணிக்கு ஒரு லீற்றருக்குக் கிட்டக் குடிக்கும். காலி வீதியில் பின்னேரம் ஒரு மணித்தியாலத்தில் 15 கிலோமீற்றர் போகிறீர்கள், அதில் அரை மணித்தியாலம் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். நின்றதற்கே அரை லீற்றர். ஓடிய நேரத்தில் லீற்றருக்கு 10 கொடுத்திருந்தால் அதற்கு ஒன்றரை லீற்றர். மொத்தம் இரண்டு லீற்றருக்கு 15 கிலோமீற்றர், அதாவது லீற்றருக்கு ஏழரை. ஆகவே நகருக்குள் 7 என்பதை வைத்துக்கொண்டு எஞ்சினில் பிழை என்று சொல்ல முடியாது. கொட்டாவையில் தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, ஐந்தாம் கியரில் 90இல் ஒரே சீராகப் போய் வந்து கணக்குப் பாருங்கள். ஒரே நிரப்பு நிலையம், ஒரே பம்ப், முதல் 'கிளிக்' சத்தத்தோடு நிறுத்த வேண்டும். அப்படி மூன்று முறை. அதில் 12க்குக் கீழே வந்தால் தேட வேண்டிய விஷயம் இருக்கிறது என்பது என் மதிப்பீடு. ஓடோமீற்றரையும் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். 185/65 ஆர்14 டயரைக் கழற்றி 195/50 ஆர்15 போட்டிருந்தால் சுற்றளவு மூன்றரை வீதத்துக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. ஓடாத தூரத்தையும் ஓடியதாக மீற்றர் காட்டும், உங்கள் 7 உண்மையில் அதைவிடக் குறைவாக இருக்கும்.

அடுத்தது கூலன்ட்டின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்டற். நம் ஊரில் எஞ்சின் சூடாகிறது என்றதும் அதைக் கழற்றி எறியும் வழக்கம் இருக்கிறது. இந்த எஞ்சினின் தேமோஸ்டற் 82 பாகைக்குக் கிட்டத் திறப்பது. அது இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது வெப்பம் சரியாகத் தெரியும், அதிவேகப் பாதையில் 65க்கு இறங்கிவிடும். எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று ஈசியூ நினைத்து, குளிர்நிலைக்கான மேலதிக பெற்றோலை வழி முழுக்க ஊற்றிக்கொண்டே போகும். பல டியூன்களில் அந்தத் திருத்தம் 70 அல்லது 75 பாகை வரை நீள்கிறது. லப்டொப்பில் கூலன்ட் வெப்பத்தைப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் டைமிங்கில் கை வைத்து, நல்ல மெப்பைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. அதே கையோடு நான்கு சில்லையும் ஜாக்கில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், ஓடிவந்து நிறுத்தியதும் ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். பிரேக் கலிப்பர் ஒன்று பிடித்துக்கொண்டிருந்தால் எந்த டியூனும் உதவாது. கொம்ப்ரெஷனும், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தமும், பார்க்க வேண்டும்: எஞ்சின் சூடாக, நான்கு பிளக்கும் கழற்றி, திரொட்டில் முழுக்கத் திறந்து. சிலிண்டர்களுக்கிடையில் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டியூனைப் பற்றிய கதையை அங்கேயே நிறுத்திவிட்டு எஞ்சினைக் கவனிக்க வேண்டும்.

இனி டைமிங். டைமிங் லைட் பொய் சொல்லாது, அது பார்க்கும் புல்லி சொல்லலாம். கிராங்க் புல்லியின் வெளி வளையம் உள் மையத்தோடு இறப்பரால் ஒட்டப்பட்டிருக்கிறது. 25 வருடப் பழைய எஞ்சினில் அந்த இறப்பர் வழுக்கி, வளையம் சில டிகிரி நகர்ந்திருக்கலாம். அதனால் மேல்மையத்தை, அதாவது பிஸ்டன் ஆக உயரத்துக்கு வரும் இடத்தை, நீங்களே கண்டுபிடியுங்கள். பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஒன்றாம் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டொப்பர் ஒன்றை முறுக்குங்கள். எஞ்சினைக் கையால் மட்டும், மெதுவாக ஒரு பக்கம் முட்டும்வரை சுற்றிப் புல்லியில் ஒரு கோடு, மறுபக்கம் முட்டும்வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரி நடுவே இருப்பதுதான் உண்மையான பூச்சியம். செல்ஃப் அடித்துச் சுற்றினால் பிஸ்டன் துளைபடும். பழைய பூச்சியம் இதோடு பொருந்தினால் புல்லி சரி. டைமிங் பெல்ட்டின் குறிகளையும் அப்போதே பார்த்துவிடுங்கள். ஒரு பல் தவறியிருந்தாலே கிராங்கில் பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். வால்வுகளைத் திறக்கும் கேமின் நேரமும் பிழைத்து, எஞ்சின் சோம்பலாகி, பெற்றோலும் கூடும்.

பூச்சியம் உறுதியான பிறகு ஈசியூவின் மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டுங்கள். பெரும்பாலான தனி ஈசியூக்களில் இதற்கு ஒரு வசதி இருக்கும். டொயோட்டா ஈசியூவாக இருந்திருந்தால் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 இரண்டையும் வயரால் இணைத்து 10 டிகிரி பார்ப்போம், அதே வேலைதான் இது. ஐட்லிங்கில் லைட் பிடியுங்கள், பிறகு 4000 ஆர்பிஎம்மில் பிடியுங்கள். இங்கேதான் உங்கள் வித்தியாசத்தின் காரணம் வெளியே வரும். இரண்டு வேகத்திலும் ஒரே அளவு பிழை, உதாரணமாக இரண்டிலும் 16 என்று காட்டினால், பிக்அப்பின் சைகைக்கும் மேல்மையத்துக்கும் இடையில் எத்தனை டிகிரி என்று ஈசியூவுக்குச் சொல்லும் டிரிகர் ஓப்செற் எண் பிழை. அதைத் திருத்தினால் முடிந்தது. ஐட்லிங்கில் 10ஆக இருந்து ஆர்பிஎம் ஏற ஏற நகர்ந்தால் ஓப்செற்றைத் தொடாதீர்கள். டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கும் காந்த பிக்அப்பின் இரண்டு வயர்கள் மாறியிருக்கின்றன, அல்லது ஈசியூ அந்த அலையின் பிழையான விளிம்பைப் பிடிக்கிறது. ஐட்லிங்கில் பார்த்துச் சரி என்று விடப்பட்ட எத்தனையோ எஞ்சின்கள் 6000இல் ஏழெட்டு டிகிரி தள்ளி ஓடுவது இதனால்தான். குறி நிற்காமல் முன்னும் பின்னுமாக ஆடினால் பெல்ட் தளர்வு, டிஸ்ரிபியூட்டர் தேய்மானம், பிக்அப் வயரில் இரைச்சல் என்ற மூன்றில் ஒன்று. பிக்அப் வயரின் ஷீல்ட் ஒரு முனையில் மட்டும் ஏர்த் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லைட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை: டிகிரி திருப்பும் குமிழ் உள்ள லைட் என்றால் அதைப் பூச்சியத்தில் வைத்துவிட்டுப் புல்லிக் குறிகளையே வாசியுங்கள். யாராவது கொயிலை மாற்றி, ஒரு சுற்றுக்கு ஒரு தீப்பொறி வரும்படி செய்திருந்தால் அந்தக் குமிழ் இரட்டிப்பாகக் காட்டும்.

இப்போது பாஸ் சொன்ன ஐந்து டிகிரிக்கு வருவோம். டிஸ்ரிபியூட்டர் கேமோடு, அதாவது கிராங்கின் பாதி வேகத்தில், சுற்றுகிறது. அதன் உடலில் ஐந்து டிகிரி திருப்பினால் கிராங்கில் பத்து. அதுவும் ஓரிடத்தில் மட்டுமல்ல, ஐட்லிங்கிலிருந்து முழுத் திரொட்டில் வரை மெப் முழுவதும் பத்து டிகிரி முன்னுக்குப் போகும், ஈசியூவுக்கு அது தெரியவே தெரியாது. ஏற்கனவே ஏற்றத்தில் தட்டுகிற எஞ்சினுக்கு இது பிஸ்டனில் வளையங்களுக்கு இடையிலுள்ள விளிம்பை உடைக்கும் வேலை. திருப்பிவிட்டு மென்பொருளில் ஓப்செற்றைத் திருத்திக்கொண்டால் போதும்தானே என்றும் சிலர் கேட்பார்கள். போதாது. டிஸ்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் கேமோடு நிற்கும், அதன் மூடியான கப் உடலோடு நகரும். தீப்பொறி பாயும் நேரத்தில் ரோட்டரின் முனை கப்பின் முனைக்கு நேரே இல்லாமல் தள்ளிப்போகும். மெப்பில் டைமிங் கூடும் இடங்களில், அதாவது சாதாரண ஓட்டத்தில், அந்த இடைவெளி ஆகக் கூடலாம். தீப்பொறி பலவீனமாகி இடைக்கிடை எரியாமல் போகும். எரியாத சிலிண்டரின் ஒட்சிசன் அப்படியே புகைக்குழாய்க்குள் வர, ஒட்சிசன் சென்சர் கலவை வறண்டிருக்கிறது, அதாவது பெற்றோல் குறைவு, என்று சொல்ல, ஈசியூ நான்கு சிலிண்டருக்கும் பெற்றோலைக் கூட்டும். டைமிங் கோளாறு பெற்றோல் கோளாறாக வேடம் போடும் வழிகளில் ஆக ஏமாற்றுவது இதுதான். பழைய கப் ஒன்றில் ஒன்றாம் இலக்க முனைக்கு அருகே துளை போட்டு, அதன் வழியே டைமிங் லைட்டைப் பிடித்தால் ரோட்டர் எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கப்பையும் ரோட்டரையும் அப்போதே துடைத்து, பிளக் வயர்களை மீற்றரில் அளந்துவிடுங்கள். ஒன்று 25 கிலோ ஓமைத் தாண்டினால் மாற்ற வேண்டியதுதான். பஞ்சிகாவத்தையில் பிளக் வாங்கும்போது பெட்டியின் அழகை நம்பாமல் திரெட்டையும் பீங்கானில் உள்ள எழுத்தையும் பாருங்கள், நான்கிலும் இடைவெளியை அளந்து போடுங்கள்.

டைமிங்கை முன்னுக்குத் தள்ளினால் பெற்றோல் மிச்சம் என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சிலிண்டருக்குள் அழுத்தத்தின் உச்சம் மேல்மையத்தைத் தாண்டி ஏறக்குறைய 15 டிகிரியில் வந்தால் வேலை ஆகக் கூடுதலாகக் கிடைக்கும். திரொட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது உள்ளே கலவை ஐதாக இருக்கிறது, மெதுவாக எரிகிறது, அதனால் முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். சீரான ஓட்டத்தில் 30க்கு மேல், 40க்குக் கிட்டக்கூடப் போகலாம். முழுச் சுமையில் கலவை நெருக்கமாகி வேகமாக எரிவதால் அதே எஞ்சினுக்கு இருபதுகளே போதும். டைனோவில் வழமையாக டியூன் செய்வது அந்த முழுச் சுமைப் பகுதியை. குதிரை வலு அங்கேதான் அச்சாகி வரும். ஆனால் கொழும்பில் கார் வாழ்வது 1500க்கும் 3000க்கும் இடையில், எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மெனிஃபோல்ட்டின் அழுத்தம் 30 முதல் 50 கிலோபாஸ்கலாக இருக்கும்போது. அந்தக் கட்டங்களில் அடிப்படை மெப்பில் வந்த 20, 22 போன்ற பாதுகாப்பான எண்கள் அப்படியே கிடப்பது மிகச் சாதாரணம். எரிதல் பிந்தி முடிந்து, வெப்பம் புகைக்குழாயோடு வெளியேறிவிடும். ஓட்டுநர் பெடலைக் கொஞ்சம் கூட அழுத்துவார், அவ்வளவுதான், ஒரு சத்தமும் கேட்காது. உங்கள் மெப்பைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் இங்கேதான் கட்டுவேன்.

இதைச் சோதிக்கும் முறை: சமதரை, 80இல் சீரான வேகம், காற்றின் செல்வாக்கு கழிய இரு திசையிலும். ஒருவர் ஓட்ட, மற்றவர் லப்டொப் பார்க்க வேண்டும். அந்தச் சில கட்டங்களில் மட்டும் இரண்டு டிகிரி கூட்டுங்கள். அதே வேகத்துக்கு மெனிஃபோல்ட் அழுத்தமும் இன்ஜெக்டர் திறக்கும் நேரமும் குறைந்தால் இலாபம். இன்னும் இரண்டு கூட்டுங்கள். குறையாமல் நின்ற இடத்திலிருந்து இரண்டு டிகிரி பின்னுக்கு வந்து விட்டுவிடுங்கள். அதற்கு மேலும் தள்ளினால் இலேசான சுமையில் தட்டும் சத்தம் கேட்காது, ஆனால் மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனோடு அழுத்தம் சண்டை பிடிக்கும், மிச்சம் என்று நினைத்தது திரும்பவும் வீணாகும். வீதியில் எடுக்கும் இந்த அளவு மிக நுணுக்கமானதல்ல. இரண்டு டிகிரியின் வித்தியாசம் காற்றிலும் சரிவிலும் மறைந்துபோகலாம். வேகத்தைப் பூட்டி வைத்துச் சுமை கொடுக்கும் டைனோ கிடைத்தால் ஒரு மணித்தியாலத்தில் தெளிவான விடை வரும்.

ஏற்றத்துத் தட்டலை இதிலிருந்து பிரித்துப் பாருங்கள். பிளாக் டொப்பின் கொம்ப்ரெஷன் விகிதம் 11க்கு 1. யப்பானில் பிரீமியம் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சின், அங்கே பிரீமியம் என்றால் ஆகக் குறைந்தது 96 ஒக்டேன். நம் 95கூட அதற்குக் கீழேதான், 92 இந்த எஞ்சினுக்கு உரியதல்ல. விலையைப் பார்த்து 92 அடித்தால், தட்டாமலிருக்கச் சுமைப் பகுதியில் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்க வேண்டும், மிச்சம்பிடித்த காசு அங்கேயே போய்விடும். தனி ஈசியூ போடும்போது தட்டலை உணரும் நொக் சென்சரை இணைக்காமல் விட்டிருந்தால் எஞ்சினுக்குக் காவலும் இல்லை. பிளக்கைக் கழற்றிப் பூதக்கண்ணாடியால் பீங்கானைப் பாருங்கள். வெள்ளி மினுக்கமாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் அது பிஸ்டன் அலுமினியம், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்த வேண்டும். கொழும்பு நெரிசலில் பொனற்றுக்குள் காற்று 55, 60 பாகைக்கு ஏறும். காற்று வெப்ப சென்சர் எஞ்சினின் உலோகத்தில் பொருத்தப்பட்டிருந்தால் ஓடத் தொடங்கிய பிறகும் அந்தச் சூட்டையே சொல்லிக்கொண்டிருக்கும். ஈசியூ தேவையில்லாமல் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், கார் சோர்ந்துவிடும்.

உங்கள் எஞ்சினுக்கே உரிய ஒரு சிக்கல் அதன் நான்கு தனித் திரொட்டில்கள். பெடலைக் கால்வாசி மிதித்ததுமே மெனிஃபோல்ட் அழுத்தம் வெளிக்காற்றுக்குக் கிட்ட ஏறிவிடும். சுமையை அழுத்தத்தால் மட்டும் அளக்கும் மெப் என்றால், இலேசாகப் போகும்போதே முழுச் சுமைக் கட்டத்துக்குத் தாவிக் குறைந்த டைமிங்கையும் பெற்றோல் கூடிய தடித்த கலவையையும் எடுத்துக்கொள்ளும். திரொட்டில் கோணத்தையும் சேர்த்துக் கணக்கிடும்படி ஈசியூவை அமைக்க வேண்டும். அழுத்தக் குழாயை ஒரே ஒரு திரொட்டிலிலிருந்து எடுத்திருந்தால் அளவு துடித்துக்கொண்டே இருக்கும், நான்கிலிருந்தும் ஒரு சின்னக் கலத்துக்குக் கொண்டுவந்து அங்கிருந்து எடுக்க வேண்டும். நான்கையும் காற்றுமானியால் சமப்படுத்துவதும் கட்டாயம். உள்ளெடுப்புக் கேமின் நேரத்தை மாற்றும் விவிடி வால்வுக்கு வயர் இழுத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது இயங்காவிட்டால் நடு ஆர்பிஎம்மில் இழுவை போய்விடும்.

கலவையில் பார்க்க வேண்டியதை, புகையிலுள்ள ஒட்சிசனை அளக்கும் வைட்பேண்ட் மீற்றர் நேராகவே சொல்லும். சீரான ஓட்டத்தில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று, கொஞ்சம் துணிந்தால் 15.5. அங்கே 13 காட்டினால் 13 வீதம் பெற்றோல் சும்மா போகிறது. முழுத் திரொட்டிலில் 12.5 முதல் 13. பெடலை முழுக்க விட்டு இறங்கும்போது மீற்றர் வறட்சிப் பக்கம் எல்லை தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இறக்கத்தில் பெற்றோலை நிறுத்தும் வசதியை டியூனர் இயக்காமல் விட்டிருக்கிறார், கண்டி வீதியில் அது பெரிய செலவு. சென்சருக்கு முன்னால் புகைக்குழாயில் கசிவு இருந்தால் இந்த எண்கள் எல்லாமே பொய், முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள். பெரிய இன்ஜெக்டர் போட்டிருந்தால் அது திறக்கத் தாமதிக்கும் நேரத்தின் அட்டவணை சரியா என்று பார்க்க வேண்டும். 0.2 மில்லி செக்கன் பிழை முழுத் திரொட்டிலின் 10 மில்லி செக்கனில் வெறும் 2 வீதம், ஐட்லிங்கின் 2 மில்லி செக்கனில் 10 வீதம். டைனோவில் சரியாக இருந்த கார் நெரிசலில் குடிப்பதற்கு இது போதும். ஏசியும் லைட்டும் போட்டதும் பற்றரி வோல்ற் விழுந்து கலவை மாறினால் இதுதான் என்று சந்தேகியுங்கள்.

இவற்றில் உறுதியானது ஒன்றுதான்: லைட்டும் லப்டொப்பும் முரண்படும்வரை உங்கள் டைமிங் என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆகவே அதுவே முதல் வேலை. ஏற்றத்துத் தட்டலுக்கு 92 பெற்றோலோ உண்மையில் கூடிப்போன டைமிங்கோ காரணம் என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் காற்றுக் கசிவால் வறண்ட கலவையும் அதே சத்தத்தைத் தரும். சீரான ஓட்டக் கட்டங்களில் டைமிங் குறைவு என்பது அனுமானம் மட்டுமே.

பூட்டிய 10 டிகிரியில் ஐட்லிங்கிலும் 4000இலும் லைட் காட்டிய எண்களை எழுதுங்கள். பிறகு பூட்டைத் திறந்து, 95 பெற்றோலோடு 80இல் ஐந்து நிமிடம் ஓடிய பதிவு ஒன்றை எடுத்துப் போடுங்கள். ஆர்பிஎம், மெனிஃபோல்ட் அழுத்தம், திரொட்டில் கோணம், டைமிங், இன்ஜெக்டர் நேரம், வைட்பேண்ட், கூலன்ட், காற்று வெப்பம், பற்றரி வோல்ற், இவை ஒன்பதும் அதில் இருக்க வேண்டும். தட்டலைப் பதிவு செய்வதற்காகக் கடுகண்ணாவைக்கு ஓட்ட வேண்டாம். டைமிங் உறுதியாகும்வரை அந்த ஏற்றத்தில் கியரைக் குறைத்து, பெடலைப் பாதிக்கு மேல் மிதிக்காமல் ஏறுங்கள்.